யாரைப் பிடிக்கணும்? ஆசிரியர் பதிவு வாரியமும் அதில் உட்காருகிறவர்களும்

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் பி.எஸ்சி. கணக்கு, பி.எட்., டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி. நான்கு வருடமாக ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். மருமகனுக்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வேலை. அங்கே பள்ளியில் பாடம் நடத்த வேண்டுமானால் முதலில் அந்த ஊர் ஆசிரியர் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டுமாம். உங்கள் ஊரில் எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்களாம். இவருடைய கேள்விகள் மூன்று: நம் மாநிலத்தின் ஆசிரியர் பதிவு வாரியம் எது? அதன் உறுப்பினர்கள் யார்? சான்றிதழ் வாங்க யாரைப் பிடிக்கணும்?

ஐயா, முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஆசிரியர் பதிவு வாரியம் என்று ஒன்று கிடையாது. இல்லாத வாரியத்துக்கு உறுப்பினர்களும் கிடையாது. ஆகவே பிடிப்பதற்கு ஆளும் இல்லை. யாராவது சென்னையில் ஆள் இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்று சொன்னால், அந்தப் பணத்தைப் பாலாற்றில் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாலாற்றிலாவது எப்போதாவது தண்ணீர் வரும்.

உங்களுக்கு வந்த குழப்பத்தில் தப்பில்லை. ஆசிரியர் பயிற்சியிலேயே காலம் கழித்தவன் நான். இந்தப் பக்கத்தில் எல்லாமே ‘போர்டு’தான். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்தால் போர்டில் பதிந்தாச்சு என்பார்கள். டெட் எழுதினால் போர்டு எக்ஸாம். பி.எட். கல்லூரிக்கு அங்கீகாரம் போனால் போர்டு தூக்கிட்டாங்க. அரசுப் பள்ளிக்கு ஆள் எடுக்கும் டி.ஆர்.பி.யின் பட்டியலில் பெயர் வந்தால் போர்டு பாஸ். நான்கும் நான்கு வெவ்வேறு கதவுகள். அவற்றில் எதுவும் எடின்பரோக்காரர்கள் கேட்கும் கதவு இல்லை.

அவர்கள் கேட்பது என்ன என்பதை வேலூர்க்காரருக்குப் புரியவைப்பது சுலபம். நம் பக்கத்தில் நர்ஸ் இல்லாத தெரு உண்டா? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிவிட்டார்கள். படித்து முடித்த பெண் மறுநாளே வார்டுக்குள் போய் ஊசி போட்டுவிட முடியாது. தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயர் ஏற வேண்டும். நம்பர் வர வேண்டும். அதற்கான சட்டம் 1926-லேயே சென்னை மாகாணத்தில் வந்தது. அந்தப் பெண் துபாய் போனாலும் அயர்லாந்து போனாலும் அங்கிருப்பவர்கள் இந்தக் கவுன்சிலுக்குத்தான் எழுதிக் கேட்பார்கள்: இவர் பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா, இவர் மேல் புகார் ஏதும் உண்டா? வக்கீலுக்கு 1961-ம் ஆண்டுச் சட்டப்படி பார் கவுன்சில். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலின் 25 உறுப்பினர்களை வக்கீல்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தல் வந்தால் வேலூர் கோர்ட் வளாகத்தில் நடக்கும் அமர்க்களத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வாத்தியாருக்கு மட்டும் இது கிடையாது. நூறு வருஷமாக நர்சுக்குப் பதிவேடு இருக்கிற ஊரில், அந்த நர்சுக்குப் பாடம் சொல்லித்தந்த டீச்சருக்குப் பதிவேடு இல்லை.

அப்படியானால் நம்மிடம் இருக்கிற போர்டுகளில் உட்காருவது யார்? இரண்டாவது கேள்வி அதுதானே. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி., 1987-ல் அமைக்கப்பட்டது. சென்னை கல்லூரிச் சாலையில், டி.பி.ஐ. என்று நாம் சொல்லிப் பழகிய கல்வித் துறை வளாகத்தில் இருக்கிறது. தலைவர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. உறுப்பினர் செயலரும் உறுப்பினர்களும் பெரும்பாலும் கல்வித் துறையில் இணை இயக்குநர் தரத்தில் இருக்கும் அதிகாரிகள். மாறுதல் வந்தால் வருவார்கள், அடுத்த மாறுதலில் போவார்கள். அதன் வேலை ஆள் எடுப்பது. இத்தனை இடம் காலி என்று துறை சொல்லும். இவர்கள் தேர்வு வைத்துப் பட்டியல் போட்டுத் தருவார்கள். பட்டியலைத் தந்ததோடு வாரியத்துக்கும் அந்த ஆசிரியருக்கும் உறவு முடிந்தது. கல்யாணத் தரகர் மாதிரி. தாலி கட்டியபின் அவர் வீட்டுப்பக்கம் வரமாட்டார். அரசுப் பள்ளியில் சேராத உங்கள் மகளைப் போன்றவர்கள் டெட் மதிப்பெண்ணுக்காக மட்டும்தான் அந்த வாரியத்துக்குத் தெரிந்தவர்கள்.

இன்னொன்று என்.சி.டி.இ., அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில். 1993-ல் சட்டம், கவுன்சில் அமைந்தது 1995 ஆகஸ்டில். நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து மண்டலத்துக்கு ஒரு குழு. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் தென் மண்டலக் குழுவுக்குள் வரும். பல வருடம் பெங்களூரில் இருந்தது. இப்போது டெல்லிக்குப் போய்விட்டது. பெங்களூர் காலத்தில் காட்பாடியில் காலை ரயில் ஏறி, வேலையை முடித்து ராத்திரி திரும்பிவிடுவார்கள் நம்மூர்க் கல்லூரித் தாளாளர்கள். இப்போது விமானம்.

உறுப்பினர் என்று நீங்கள் கேட்டதற்கு மிக நெருங்கி வருவது இந்த மண்டலக் குழுதான். சட்டத்தின் 20-வது பிரிவு அதில் யார் இருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது: கவுன்சில் நியமிக்கும் ஓர் உறுப்பினர், மண்டலத்தில் உள்ள ஒவ்வொரு மாநிலமும் யூனியன் பிரதேசமும் அனுப்பும் ஒரு பிரதிநிதி, இவர்களோடு ஆசிரியர் கல்வியில் அறிவும் அனுபவமும் உள்ள சிலர். எல்லாரும் நியமனம், ஓட்டுப்போட்டு வந்தவர் ஒருவரும் இல்லை. ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டே அந்தக் கூட்டத்துக்கும் போகிறவர் என்று ஒருவருக்கு அதில் ஒதுக்கிய நாற்காலியும் இல்லை.

இந்தக் குழு ஆசிரியரைப் பதிவதில்லை. ஆசிரியரைப் பயிற்றும் கல்லூரிக்கு அங்கீகாரம் தருகிறது. பிரிவு 14 அங்கீகாரம் தர, பிரிவு 17 அதைத் திரும்பப் பெற. இதில் ஒரு விஷயம் நம்மூர்ப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியின் அங்கீகாரம் போய்விட்டது என்று செய்தி வந்தால், உள்ளே படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் பதற வேண்டாம். உத்தரவு கைக்கு வந்த நாளுக்கு அடுத்த கல்வி ஆண்டு முடிந்த பிறகுதான் அது அமலுக்கு வரும் என்று சட்டமே சொல்கிறது. அதற்குப் பிறகும் அதே கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்து வாங்கும் சான்றிதழ்தான் அரசு வேலைக்குச் செல்லாது. பாதிப்பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நடுவிலேயே படிப்பை விட்டதைப் பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளைகள்தான் அதிகம். வீட்டில் சாக்கு கிடைத்ததென்று கல்யாணம் முடித்துவிட்டார்கள்.

டெட் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்களே கேட்பீர்கள், அது தகுதிச் சான்றுதானே, அதைப் பதிவு என்று காட்டக் கூடாதா என்று. கூடாது. டெட் ஒரு தேர்வு, அவ்வளவுதான். 2010 ஆகஸ்ட் 23 அறிவிக்கையில் என்.சி.டி.இ. அதைக் குறைந்தபட்சத் தகுதியாக்கியது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலை 12. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி 2,448 பேர்தான் தேறினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்வி. அன்று சாயங்காலம் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து அழுத அம்மாக்களை நான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த தேர்வுக்கு நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். ஏழு வருடம்தான் செல்லும் என்றிருந்த சான்று 2021-ல் ஆயுளுக்கும் செல்லும் என்றானது. ஆக, உங்கள் மகளின் டெட் சான்று பத்திரமாக இருக்கட்டும். ஆனால் அது அவர் ஒரு நாள் ஒரு தேர்வில் தேறினார் என்பதற்குச் சாட்சி. இன்றைக்கு அவர் நல்ல பெயரோடு பணியில் இருக்கிறாரா என்று அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. பதிவேட்டின் வேலை அதைச் சொல்வதுதான்.

2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு நம் ஸ்டாஃப் ரூம்களில் வேறு பேச்சே இல்லை. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன் வேலைக்கு வந்தவர்களாக இருந்தாலும், இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும். ஐந்து வருடத்துக்குள் ஓய்வு பெறுபவர்கள் தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமானால் டெட் வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனை பள்ளிகள் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இருபது வருடம் பாடம் நடத்தியவர், தான் ஆசிரியர்தான் என்று மறுபடி ஒரு தேர்வு எழுதி நிரூபிக்க வேண்டும். பதிவேடு என்று ஒன்று இருந்திருந்தால் அவருடைய இருபது வருடம் அதில் எழுதியிருக்கும் என்பது என் எண்ணம். சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர், அப்போதும் டெட் கேட்டிருப்பார்கள் என்கிறார். இருக்கலாம்.

எமிஸ் நம்பர் இருக்கிறதே என்று போன வாரம் ஒரு இளைஞர் கேட்டார். எமிஸ் என்பது கல்வித் துறையின் கணினித் தகவல் தொகுப்பு; வருகைப் பதிவின் பெரியண்ணன். எந்தப் பள்ளியில் எத்தனை பேர் என்று அரசு எண்ணிக்கொள்ள வைத்தது. எனக்கும் இருந்தது.

இனி ஸ்காட்லாந்து. உங்கள் மகள் கதவைத் தட்டப்போகும் அமைப்பு அங்குள்ள பொது ஆசிரியர் கவுன்சில். உலகத்திலேயே இந்த வகையில் மூத்தவற்றில் ஒன்று அது. அது பிறந்த கதை நமக்கும் கொஞ்சம் சொந்தக் கதை மாதிரி இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே ஆசிரியர் பஞ்சம். பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்களைக் கொண்டுவந்து வகுப்பில் நிறுத்தினார்கள். நம்மூரில் பி.எட். இல்லாதவரைக் குறைந்த சம்பளத்தில் வைத்து ஓட்டுகிற தனியார் பள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். 1961-ல் கிளாஸ்கோ ஆசிரியர்கள் அதை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. தகுதி இல்லாதவரை எங்கள் பக்கத்தில் நிறுத்தாதே என்பதற்காக. அரசு ஒரு குழு போட்டது, குழு 1963-ல் அறிக்கை தந்தது, 1965-ல் சட்டம் வந்தது. ஆசிரியர் யார் என்பதைச் சொல்லும் பதிவேட்டில் ஆசிரியருக்கே பெரும் பங்கு கிடைத்தது அப்படித்தான். போராட்டம் நம் ஆட்களும் செய்திருக்கிறார்கள், ஜாக்டோ ஜியோ என்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்கள் ஒன்றுகூடி. ஓய்வூதியத்துக்கும் ஊதியத்துக்கும் நடந்தன அவை. எங்களுக்கு ஒரு பதிவேடு வை என்று கொடி பிடித்து ஓர் ஊர்வலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

2012 ஏப்ரலில் அந்தக் கவுன்சில் அரசிடமிருந்து விலகித் தனித்த அமைப்பானது. அப்போது வகுத்த கணக்கில் உறுப்பினர்கள் 37 பேர். அதில் 19 பேர் பதிவுபெற்ற ஆசிரியர்கள் தங்களுக்குள் ஓட்டுப்போட்டு அனுப்பியவர்கள். 11 பேர் உள்ளாட்சிகள், ஆசிரியர் பயிற்சி தரும் பல்கலைக்கழகங்கள், திருச்சபைகள் போன்றவை பரிந்துரைத்தவர்கள். மிச்சம் 7 பேர் பொதுமக்கள். வாத்தியார் வேலைக்குச் சம்பந்தமில்லாதவர்கள். கணக்கைப் பாருங்கள்: 37-ல் 19. மற்றவர்களைவிடச் சரியாக ஒன்று கூட. யாரோ உட்கார்ந்து ரொம்ப யோசித்துத்தான் அந்த ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் ஒற்றுமையாக நின்றால் தீர்மானம் ஜெயிக்கும். ஒருவர் மனசாட்சிப்படி மாறி ஓட்டுப்போட்டாலும் கவிழும்.

நடத்துகிற செலவு ஆசிரியர்களின் ஆண்டுச் சந்தாவில் நடக்கிறது. பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயரைத் தட்டினால் இன்னார் பதிவு செய்தவரா இல்லையா என்று தெரியும். ஒழுக்கக் கேடு, குழந்தைகளிடம் தவறான நடத்தை என்றால் விசாரித்து, பெயரை அடித்துவிடும் அதிகாரம் உண்டு. அடித்தால் நாடு முழுக்க எந்தப் பள்ளியிலும் அவருக்கு வேலை இல்லை.

தனி விண்ணப்பம் எதுவும் உறுப்பினர் மேஜைக்குப் பொதுவாக வருவதில்லை, ஐயா. அவர்கள் அளவுகோலை வகுப்பார்கள், அலுவலர்கள் அளப்பார்கள். அளவுகோல் எழுத்தில், எல்லாரும் படிக்கும்படி இருக்கிறது. எம்.எல்.ஏ. கடிதம் வைத்து அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

எல்லா நாட்டிலும் இது தேர் மாதிரி ஓடுகிறது என்று எண்ணிவிட வேண்டாம். பக்கத்து இங்கிலாந்தில் 2000-ல் இதேபோல ஒரு கவுன்சில் வைத்தார்கள். 64 உறுப்பினர். அதில் 25 பேர்தான் ஆசிரியர் ஓட்டில் வந்தவர்கள். சங்கங்கள் அனுப்பியது 9. பிற அமைப்புகள் 17. அமைச்சர் நியமித்தது 13. எல்லாருக்கும் இடம் கொடுத்து யாருக்கும் சொந்தமில்லாமல் போனது. சந்தா மட்டும் பிடித்தார்கள், எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்று ஆசிரியர்களே கேட்டார்கள். 2012 மார்ச்சோடு இழுத்து மூடினார்கள். ஒருவரும் ஒப்பாரி வைக்கவில்லை. இப்போது அங்கே அரசின் ஒரு முகமை அந்த வேலையைப் பார்க்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ இன்னொரு விதம். 1997-ல் தொடங்கிய அவர்களுடைய ஆசிரியர் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, பதிவு அமைப்பு அது) 23 தேர்ந்தெடுத்தவர், 14 நியமனம், ஆக 37 என்று ஓடியது. ஆசிரியர் மேல் வரும் புகாரை ஆசிரியர்களே விசாரித்தால் தங்கள் ஆளைத்தானே காப்பாற்றுவார்கள் என்று பொதுமக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 2020 கடைசியில் சட்டத்தை மாற்றி, 18 பேர், ஆசிரியர் பாதி, பொதுமக்கள் பாதி என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. நம்மூரில் வாத்தியார் ஒருவர் மேல் புகார் வந்தால், முதலில் சமாதானம் பேச வருகிறவர் யார்? சக வாத்தியார்தான். நானே ஒருமுறை போயிருக்கிறேன். போயிருக்கக் கூடாது.

இங்கே பதிவேடு இல்லாததால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு, நான் கண்டதையே சொல்கிறேன். ஆற்காடு பக்கம் ஒரு தனியார் பள்ளி. அங்கே ஓர் ஆசிரியர் பிள்ளைகளிடம் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று பெற்றோர் திரண்டார்கள். நிர்வாகம் என்ன செய்தது? பள்ளியின் பெயர் கெடக் கூடாதென்று அமைதியாக ராஜினாமா வாங்கிக்கொண்டு, நன்னடத்தைச் சான்றும் எழுதிக் கொடுத்து அனுப்பியது. அடுத்த ஜூனில் அவர் முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். புதுப் பள்ளிக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஓர் இடமும் இல்லை. நர்சாக இருந்தால் கவுன்சில் நம்பரை வைத்துக் கேட்டிருக்கலாம்.

அரசும் இந்த ஓட்டையை உணர்ந்துதான் இருக்கிறது. மாணவரிடம் பாலியல் குற்றம் செய்த ஆசிரியரைப் பணிநீக்குவதோடு அவருடைய கல்விச் சான்றிதழ்களையே ரத்து செய்யலாம் என்று 2012-ல் அரசாணை 121 போட்டார்கள். நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அடிப்பதற்குப் பதிவேடு இல்லாததால் படித்த படிப்பையே அடிக்க வேண்டியிருக்கிறது. மரத்தில் பழம் பறிக்கக் கொக்கி இல்லாமல் மரத்தையே வெட்டுவது மாதிரி. டிரைவர் தப்பு செய்தால் லைசென்சைத்தான் பிடுங்குகிறோம். எட்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை யாரும் பிடுங்குவதில்லை.

இன்னொரு நஷ்டம் அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆசிரியருக்கென்று ஓட்டுப்போடும் இடம் ஒரு காலத்தில் இங்கேயும் இருந்தது. சட்ட மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடத்துக்கு ஆசிரியர் தொகுதி. எங்கள் ஹெட்மாஸ்டர் அந்தத் தேர்தலில் ஓட்டுப்போட ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு போவார். 1986 நவம்பர் 1-ல் மேலவையே போனது. அடுத்த வருடம் தேர்வு வாரியம் வந்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் நாற்காலி போன கையோடு நாற்காலிக்கு எதிர்ப்புறம் நிற்கிற வரிசை வந்தது என்று எங்களில் சிலர் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்குத் தொழில்முறைத் தரங்கள் வகுக்கச் சொல்கிறது, என்.சி.டி.இ.யும் வகுத்திருக்கிறது. கொள்கையின் மற்ற பகுதிகளில் தமிழ்நாட்டுக்கும் டெல்லிக்கும் உள்ள வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்; அதை இங்கே இழுக்கவில்லை. என் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு ஒரு பதிவேடு வந்தால், அதை வைத்திருக்கப்போகிறவர்களில் அணைக்கட்டு ஒன்றியத்தின் ஓர் இடைநிலை ஆசிரியை இருப்பாரா? ஜவ்வாது மலை உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து ஒருவர்? பெற்றோர் ஒருவர்? எல்லாம் ஐ.ஏ.எஸ். தலைமையில் அதிகாரிகள் மட்டுமே என்றால் அது டி.ஆர்.பி.க்கு இன்னொரு மாடி, அவ்வளவுதான்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

பதிவு பற்றிய கேள்விக்குப் பொய் எழுத வேண்டாம். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பதிவு அட்டையை ஸ்கேன் செய்து வைத்துவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேலை இல்லாதவர் என்று பதிவு செய்த அட்டை, ஐயா. வேலைக்குத் தகுதியானவர் என்பதற்கு அதைக் காட்டினால் அவர்கள் தலையைச் சொறிவார்கள். இந்தியாவில், தமிழ்நாட்டில், பள்ளி ஆசிரியரைத் தனித்தனியாகப் பதிவு செய்யும் சட்டப்படியான அமைப்பு இல்லை என்று மகளே தெளிவாக இரண்டு வரி எழுதட்டும். கூடவே, பி.எட். கல்லூரிக்கு என்.சி.டி.இ. தென் மண்டலக் குழு அங்கீகாரம் தந்த ஆணையின் நகல், டெட் சான்று, வேலை பார்த்த பள்ளியின் பணிச் சான்று. பணிச் சான்றில் என்ன பாடம், எந்த வகுப்புகள், எந்தத் தேதியிலிருந்து என்று இருக்கட்டும். ‘நல்ல ஒழுக்கம் உடையவர்’ என்ற ஒரே வரியில் முடியும் சான்று அங்கே எடுபடாது. ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று தனியாக எழுதி வாங்குங்கள். பாஸ்போர்ட் ஆபீஸில் போலீஸ் கிளியரன்ஸ் சான்று. ஆங்கிலத் திறனுக்கு என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் விவரத்தை நீங்கள் ஜெராக்ஸ் போட்டு அனுப்புவதைவிடப் பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் தருவதுதான் நல்லது. பட்டத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமோ அங்கே. நம் பக்கத்துக் கல்லூரி என்றால் பெரும்பாலும் சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம்தான். பி.எட்.டுக்கு 2008-ல் தொடங்கிய ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், சென்னை. ஸ்காட்லாந்தில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்த, பட்டப்படிப்பில் கணக்குப் பாடத்தை அவர்கள் அளவுகோலில் 80 கிரெடிட் புள்ளி அளவுக்குப் படித்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள். பி.எஸ்சி. கணக்கு என்பதால் இதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. பாடத்திட்டத்தின் நகலையும் கேட்பார்கள். எந்த வருட பேட்ச்சோ அந்த வருடப் பாடத்திட்டம் வேண்டும், இப்போது நடப்பிலிருப்பது இல்லை. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பி.எட்.டில் எத்தனை நாள் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போனார் என்பதற்கும் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். 2015-க்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் இரண்டு வருடப் படிப்பு. அது இவருக்குச் சாதகம்.

மருமகன் இங்கிலாந்துப் பக்கம் வேலை மாறினால் கதை வேறு. அங்கே 2023 பிப்ரவரி முதல் இந்திய ஆசிரியர்களும் அந்நாட்டின் ஆசிரியர் தகுதி நிலைக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். கணக்கு, அறிவியல், மொழிப் பாட ஆசிரியர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் அந்தத் தகுதி இருந்தால் எடின்பரோவில் தானாகப் பதிவாகிவிடும் என்று எண்ண வேண்டாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் பிரித்த பிறகு பட்டாவுக்கு எந்த ஆபீஸ் என்று நாம் திண்டாடினோமே, அதேபோல அங்கேயும் எல்லை தாண்டினால் ஆபீஸ் வேறு.

கடைசியாக, முதலில் செய்ய வேண்டியது. மகளின் ஒரிஜினல் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன? பள்ளி அலுவலக பீரோவில் என்றுதான் நினைக்கிறேன். வேலைக்குச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் இன்னும் போகவில்லை. ஸ்காட்லாந்து என்று வாயைத் திறப்பதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள். வங்கிக் கடனுக்கு வேண்டும் என்று கேட்டால் தந்துவிடுவார்கள், பொய் சொன்ன பாவம் என்னோடு போகட்டும். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து, மே மாதத்தில் அடுத்த வருட ஆள் தேடும் முன்பு போங்கள். ஜூனில் போனால் பாதி வருடத்தில் விட்டுப்போகிறாயா என்று இழுத்தடிப்பார்கள். வாங்கிய அன்றைக்கே, தாலுகா ஆபீஸ் எதிரில் இல்லை, வீட்டருகில் தெரிந்த கடையில் கலரில் ஸ்கேன் எடுத்து மூன்று இடத்தில் வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிக் கடிதத்தை எப்படி எழுதுவதென்று மகளோடு பேசிக்கொள்கிறேன்.